கேட்டால்தான் கிடைக்கும் சலுகை

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூர் நகரத்துப் பேக்கரிகளிலும் பெட்டிக் கடைகளிலும் புது அறிவிப்பு ஒன்று தொங்கியது. 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்பதே அது. ஒரு டீ குடித்துவிட்டுக்கூட செல்போனில் பணம் கொடுத்துப் பழகிய நகரம் இது. அங்கே மக்கள் பத்து ரூபாய் நோட்டைத் தேடி அலைந்தார்கள். சிறு வியாபாரிகளுக்குக் கர்நாடக வணிக வரி இலாகா அனுப்பிய நோட்டீசுதான் காரணம்.

2021-22 முதல் 2024-25 வரை நான்கு ஆண்டுகளில் எந்தக் கடைக்கு யு.பி.ஐ. மூலம் எவ்வளவு பணம் வந்தது என்ற கணக்கை இலாகா திரட்டியது. ஆண்டு வரவு வரம்பைத் தாண்டியும் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யாதவர்களிடம் விளக்கம் கேட்டது. வரி, வட்டி, அபராதம் என்று பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டி வரும் என்று கண்டதும் கடைக்காரர்கள் கதிகலங்கிப் போனார்கள். கறுப்புப் பட்டை அணிந்தார்கள். ஜூலை 25ஆம் தேதி கடையடைப்பு என்று அறிவித்தார்கள். 23ஆம் தேதி முதல் மந்திரி சித்தராமையா வியாபாரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவர் கூறியதும் கடையடைப்பு கைவிடப்பட்டது.

புயல் ஓய்ந்துவிட்டது. ஆனால் அது எழுந்த காரணம் இன்னும் நீங்கவில்லை. சிறு வியாபாரிக்குச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை. சலுகையைப் பற்றிய தகவலுக்கு முன்னால் நோட்டீசு போய்ச் சேர்ந்தது. இதுதான் நடந்த கதை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு வியாபாரம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஓட்டல், டீக்கடை, பழுது பார்க்கும் கடை போன்ற சேவைத் தொழில்களுக்கு வரம்பு 20 லட்சம். கேட்பதற்கு இவை பெரிய தொகைகள். நாள் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. தினம் 11,000 ரூபாய்க்கு விற்கும் மளிகைக் கடை 40 லட்சத்தைத் தாண்டிவிடும். தினம் 5,500 ரூபாய் கல்லாவில் விழும் டீக்கடை 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இது வியாபாரத் தொகைதான், லாபம் அல்ல. பால், சர்க்கரை, காஸ், வாடகை, கூலி எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

காய்கறி, பழம், பூ, முட்டை, பால் ஆகியவற்றை மட்டும் விற்பவர்களுக்கு வரியும் இல்லை, பதிவும் வேண்டியதில்லை. வியாபாரம் கோடியைத் தாண்டினாலும் அப்படித்தான். ஆனால் பாலோடு பிஸ்கட்டும் சோடாவும் சேர்த்து விற்றால் நிலைமை வேறு. அப்போது வரம்பைக் கணக்கிட மொத்த விற்பனையையும் கூட்டுவார்கள். வரி மட்டும் வரிக்குரிய சரக்குக்குத்தான். இந்தச் சிறு வித்தியாசம் தெரியாமல் பயந்தவர்களும் உண்டு, தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இனிதான் முக்கியமான விஷயம். ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிகளுக்கு 'காம்போசிஷன்' என்ற இணக்க வரித் திட்டம் இருக்கிறது. இதில் சேரும் கடைக்காரர் வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஓட்டல்களுக்கு 5 சதவீதம். மற்றச் சேவைத் தொழில்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை 6 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி, ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு.

தினம் 15,000 ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 54 லட்சத்து 75 ஆயிரம். அத்தனையும் வரிக்குரிய சரக்கு என்றே வைத்துக்கொண்டாலும் இணக்கத் திட்டத்தில் கட்ட வேண்டியது 54,750 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 150 ரூபாய். அதே கடை பதிவு செய்யாமல் இருந்து பிடிபட்டால், 18 சதவீதச் சரக்குக்கு ஓர் ஆண்டு வரி மட்டும் 9 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் வட்டியும் அபராதமும் உண்டு. ஒரே கடை, ஒரே வியாபாரம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவருக்கு ஒரு தொகை, கொடுக்காதவருக்கு வேறு தொகை. சலுகை என்பது பெயர் கொடுத்த நாளிலிருந்துதான். பிடிபட்ட பிறகு பழைய ஆண்டுகளுக்குக் கேட்டால் கிடைக்காது.

திட்டத்தில் சில நிபந்தனைகளும் உண்டு. வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் சரக்கு அனுப்பும் நம்மவர்கள் இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிமாநிலம்.

'ரொக்கம் மட்டும்' என்ற அட்டை கடைக்காரருக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. வங்கிக்கு வரும் பணம்தான் ஏழை வியாபாரியின் சாட்சி. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவர் வங்கி மானேஜரிடம் காட்டக்கூடியது அந்த வரவுக் கணக்கு ஒன்றைத்தான். வருமான வரியிலும் சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாபம் காட்டலாம். ரொக்க வியாபாரத்தில் 8 சதவீதம் லாபம் என்று கொள்ளும் சட்டம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும் என்கிறது. நாம் சொன்ன கடைக்கு, பணம் முழுவதும் வங்கி வழியாக வந்திருந்தால், உத்தேச லாபம் 3 லட்சத்து 28 ஆயிரத்து 500 ரூபாய். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லாதபோது இதில் பயப்பட என்ன இருக்கிறது?

உதவித் திட்டங்களும் இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு குமாரசாமி ஆட்சியில் 'படவர பந்து' திட்டம் பெங்களூரில் தொடங்கியபோது தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். 2020 ஜூனில் மத்திய சர்க்கார் 'ஸ்வநிதி' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் அதைத் திருத்தி, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். முதல் தவணைக் கடன் 15,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. தவணை தவறாதவர்களுக்கு வட்டியில் 7 சதவீதம் திரும்பக் கிடைக்கும். விடியற்காலையில் தொண்ணூறு ரூபாய் கொடுத்துப் பொழுது சாயும்போது நூறாக வாங்கும் தண்டல்காரரிடம் கைகட்டி நிற்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! ஆனால் இதற்கும் மாநகராட்சியின் வியாபாரச் சான்றோ சிபாரிசுக் கடிதமோ வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு 'முத்ரா' கடன் இருக்கிறது. 50,000 ரூபாய் வரை ஒரு பிரிவு, 5 லட்சம் வரை, 10 லட்சம் வரை என்று அடுத்த பிரிவுகள். 10 லட்சம் வரை வாங்கி முறையாகத் திருப்பியவருக்கு 20 லட்சம் வரை கிடைக்கும். 'உத்யம்' பதிவு செய்ய ஒரு பைசா கட்டணம் இல்லை. ஆதார் எண் இருந்தால் கம்ப்யூட்டரில் சில நிமிஷ வேலை. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று பணம் பறிக்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம்.

பீனியாவிலும் ராஜாஜி நகரிலும் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு உத்யம் பதிவு இன்னும் முக்கியம். வேலை முடித்துக் கொடுத்துவிட்டுப் பெரிய கம்பெனியின் பணத்துக்கு மாதக் கணக்கில் நடையாய் நடப்பது அங்கே புதிதல்ல. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழிலுக்குப் பணம் 45 நாட்களுக்குள் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இல்லாதவர் இதைக் கேட்க முடியாது. ஆக, இங்கேயும் பெயர் கொடுத்தவருக்குத்தான் உரிமை.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான். ஒரு கடையின் வரவு வரம்பை நெருங்குவது இலாகாவின் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. அப்படியானால் முதலாம் ஆண்டே, 'உங்கள் வியாபாரம் வளர்ந்திருக்கிறது, இந்தச் சலுகைத் திட்டத்தில் சேருங்கள்' என்று எளிய மொழியில் ஒரு கடிதம் அனுப்ப என்ன தடை? நான்கு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு மொத்தமாகக் கணக்குக் கேட்பது நிர்வாகத்துக்கு அழகல்ல. நோட்டீசு கிளம்பிய பிறகு விளக்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். நல்லதுதான், ஆனால் முன்னால் நடக்க வேண்டியது பின்னால் நடந்தது. 'பெங்களூர் ஒன்' மையங்களில் வாரம் ஒரு நாளாவது வரி அதிகாரி ஒருவர் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கலாம். வாடகைக் கடைக்குப் பதிவு வாங்க வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடும் என்று பல வீட்டுக்காரர்கள் அதைக் கொடுப்பதில்லை. இதற்கும் ஒரு வழி காண வேண்டும்.

ஜி.எஸ்.டி. மத்திய விவகாரம் என்று மாநிலம் கை காட்டுவதும், நோட்டீசு அனுப்பியது மாநிலம்தானே என்று மத்தி கை காட்டுவதும் கடைக்காரருக்கு உதவாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் இரு தரப்பாரும் ஒரே மேஜையில்தான் உட்காருகிறார்கள். அறியாமையால் பதிவு தவறியவர்கள் பழைய ஆண்டுகளுக்கும் இணக்க வரியே கட்டித் தீர்க்க ஒரு முறை வாய்ப்புக் கொடுக்கும்படி கர்நாடகம் அங்கே கேட்கலாம்.

நம் பங்கும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இஸ்திரி வண்டி, டிபன் கடை, பழைய இரும்புக் கடை என்று வைத்தவர்களில் பலர் பாரத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அவர்கள் பக்கத்து வீட்டிலேயே ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் நம் வாசகர்கள் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் கவலை தீரும். ஆதாரில் பழைய செல்போன் எண் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கடைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பணமும் கைமாற்றும் கடைக் கணக்கில் விழுந்தால் அதுவும் வியாபாரமாகவே தோன்றும். கொள்முதல் ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்தாலும் போதும். நோட்டீசு வந்தால் பெட்டிக்கு அடியில் ஒளிக்காமல், கெடுவுக்குள் பதில் எழுத உதவுங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பொருள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் அதைக் கற்றுக்கொள்ள இது ஒரு காரணமாகட்டும்.

2025 நவம்பர் முதல், வரித் தொகை குறைவாக உள்ள சிறு வியாபாரிகளுக்கு மூன்று வேலை நாட்களில் ஜி.எஸ்.டி. பதிவு கொடுக்கும் எளிய முறை வந்திருக்கிறது. கதவு முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. அடுத்த நோட்டீசு வரும்வரை காத்திருக்காமல், வரம்பை நெருங்கும் கடைக்காரர்கள் இந்த ஆண்டே பெயர் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வழிகாட்டுவது சர்க்காரின் கடமை. கூடப் போய் வருவது நம் கடமை.