டிரம்பெட்டா, யூஃபோனியமா?

“இந்த வயதில் பேண்டு வாத்தியம் பயிலலாமா?” என்று வினவும் நோயாளிகளுக்கு என் விடை: தாராளமாகப் பயிலலாம், கருவியை மட்டும் ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள்.

பலர் விரும்புவது டிரம்பெட். அதன் சிறிய வாய்முனையில் உதடுகளை இறுக்கி, மிகுந்த அழுத்தத்துடன் ஊத வேண்டும். உச்ச சுரங்களில் கண்ணழுத்தமும் வயிற்றழுத்தமும் உயரும். ஆகவே கிளாக்கோமா, குடலிறக்கம் உடையோரும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொட வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் பெரியோருக்கு நான் பரிந்துரைப்பது யூஃபோனியம். சுமார் 2.7 மீட்டர் குழாய், அகன்ற வாய்முனை, கனிந்த நாதம். காற்று அதிகம் வேண்டும். ஆனால் குறைந்த அழுத்தமே போதும். மடியில் வைத்தே வாசிக்கலாம். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

நோயைக் காரணங்காட்டி இசையையே துறக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் கருவியை மாற்றினாலே போதும்.