80,000 கலமும் ஒரு சொல்லும்



1783ஆம் ஆண்டு கடலூர்ப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று ஜெர்மனியின் ஹனோவர் காலாட்படையினரும் போரிட்டனர். அவர்களை நடத்திய அதிகாரிகளின் பெயர்கள் இன்று நம்மில் எவருக்கும் நினைவில்லை. அதே போர்க்காலத்தில் தஞ்சையில் ஊழியம் செய்த மற்றொரு ஜெர்மானியரை நாம் மறக்கவில்லை. அவர் சுவார்ட்ஸ் ஐயர்.

ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. வீதிகளில் மக்கள் பசியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது; அதைச் சுமந்துவர மாடுகள் இல்லை. அரசர் அழைத்தும் குடியானவர்கள் மாடுகளை ஓட்டி வரவில்லை. முன்பு உழைத்தவர்களுக்குக் கூலி கிடைக்காததே காரணம். அப்போது சுவார்ட்ஸ் ஐயர், பணத்திற்குத் தாமே பொறுப்பு என்று எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. ஓர் உபதேசியாரும் விசுவாசிகள் சிலரும் உயிரைப் பணயம் வைத்துச் சென்று, 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தனர். ஐயர் ஒருவர் பாக்கியின்றி அனைவருக்கும் கூலி கொடுத்து அனுப்பினார்.

அரச ஆணைக்கு அசையாத மாடுகள் ஒரு போதகரின் சொல்லுக்கு அசைந்தன. அந்தச் சொல்லின் வலிமை ஒரே நாளில் வந்ததன்று. 1779இல் சென்னை ஆளுநரின் தூதராக ஐதரிடம் சென்றபோது, அவர் கொடுத்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தவர் அவர்.

அன்பானவர்களே, சரபோஜி மன்னர் அவருக்கென வரவழைத்த பளிங்குச் சிற்பத்தைக் கண்டு பெருமை கொள்கிறோம். நம் சொல்லை நம்பி இன்று யார் மாட்டை அவிழ்ப்பார்? நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களின் கூலியை "அடுத்த வாரம்" என்று தள்ளிவிட்டு, ஞாயிறன்று முன்வரிசையில் அமர்ந்து பாடுகிறோமே! கூலியை விடியும்வரை நிறுத்திவைப்பதையே லேவியராகமம் 19ஆம் அதிகாரம் விலக்குகிறது.

நெல் போட்ட பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்பீர்கள். அந்த நெருக்கடி மெய்யே. ஆயினும் நம்மைவிடக் கூலிக்காரரின் அடுப்பே முதலில் அணைகிறது. இயன்ற பங்கை இன்றே கொடுங்கள். மீதிக்கு நாள் குறித்து, அந்நாளில் கொடுத்துத் தீருங்கள். கூலி பாக்கி நிற்கும் வீட்டின் சாட்சியை ஊரார் நம்பமாட்டார்கள் என்பதே என் துணிபு.

இந்த வாரம் ஜெபத்தில் முழங்காற்படியிடுமுன், நாம் கொடுக்கவேண்டிய பாக்கியை எண்ணிப் பார்ப்போம். நம் சொல்லைக் காக்கும் உண்மையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.