மழை நாளில் மக்கர் செய்த கார்

அடுப்படியை விட்டுவிட்டு இவள் ஏன் கார் டாங்கியைப் பற்றி எழுத வந்தாள் என்று நினைக்காதீர்கள். நான் பட்ட பாடு உங்களில் ஒருத்திக்கும் வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது 2011-ல் வாங்கிய சின்னக் கார். 2025 ஐப்பசியில் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "நாள் இருக்கே, இப்பவே எதுக்கு டாங்கியை நிரப்பணும்?" என்று இவரைத் தடுத்தவள் நான்தான். அடியில் கொஞ்சம் பெட்ரோலோடு, வாசல் வேப்ப மரத்தடியில் ஒரு மாதத்துக்கு மேல் மழையில் நனைந்தபடி நின்றது கார்.

கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. இவர் சாவியைத் திருகுகிறார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. "பயமாயிருக்கும்மா" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் பெண். நல்லவேளை, எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி சத்தம் கேட்டு எழுந்து வந்து, "ஏறுங்கக்கா" என்றார். ஆறரை மணிக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

மறுநாள் மெக்கானிக் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர் மாதிரி ஒன்று. நடுவே கோடு கிழித்தது போலிருந்தது.

"கீழே இருக்கறது வெறும் தண்ணி இல்லேம்மா. பெட்ரோல்ல கலந்திருந்த எத்தனாலையும் தன்கூட இழுத்துக்கிட்ட தண்ணி. டாங்கி மூடியோட ரப்பர் வெடிச்சிருக்கு. மழைத்தண்ணி அது வழியா இறங்கியிருக்கு. பம்பு அடியிலேருந்துதானே உறிஞ்சும்? இதைக் குடிச்சா எஞ்சின் எப்படி ஓடும்?" என்றார்.

பிறகுதான் விவரம் கேட்டுக்கொண்டேன். கரும்புச்சாறு, ஆலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், நொய்யரிசி இவற்றைப் புளிக்க வைத்து வடிக்கும் எரிசாராயம்தான் எத்தனால். நம் நாட்டுப் பெட்ரோலில் 2022-ல் இது நூற்றுக்குப் பத்து பங்கு ஆனது. 2025-ல் இருபது பங்கு ஆகிவிட்டது. மழைக்காலத்து உப்பு போல ஈரத்தை இழுப்பது இதன் குணம். சூடும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். என் கணக்கு நோட்டில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றிருந்தது பதினாலாகக் குறைந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

இதற்காகப் பழைய காரை விற்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் இதற்கு ஏற்ற ரப்பரும் குழாயும் வைத்தே செய்கிறார்கள். அதற்கு முந்தியவற்றில் சில ரப்பர் பாகங்களை இருபது, முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு டாங்கியைக் கழுவி, பெட்ரோல் குழாயும் மூடியும் மாற்றியதில் மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

மழைக்கு முன் டாங்கி மூடியின் ரப்பரைப் பார்த்துவிடுவேன்.

நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோலை அடிமட்டத்தில் விடுவதில்லை. வாரம் ஒரு தடவையாவது கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன்.

பெட்ரோல் வாடை வந்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். பாட்டில் சோதனையெல்லாம் அவர் வேலை. அடுப்பு எரியும் வீட்டில் நாம் செய்யக்கூடாது.

டாங்கியில் தண்ணீர் இறங்கியது போலத் தெரிந்தால், சாவியைத் திரும்பத் திரும்பத் திருக விடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் நிறைமாதப் பெண் இருந்தால் சொந்தக் காரை மட்டும் நம்பி இராதீர்கள். 108 என்ற எண்ணை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருங்கள். அன்றைய பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஐந்நூறு ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பார்த்த என் சாமர்த்தியத்தை நினைத்தால், பேத்தியைத் தூளியில் ஆட்டும்போதுகூட எனக்கு உடம்பு நடுங்குகிறது.