நர்ஸுகளின் வேலைப் பட்டியல்

வைத்தியசாலையில் எந்த நர்ஸுக்கு எந்த நாள் எந்த முறை வேலை என்று பட்டியல் போடுவது அற்ப விஷயமென்று எண்ணுவோர் பலர். காகிதத்தில் கோடு கிழித்து முடித்துவிடும் காரியந்தானே என்பது அவர்கள் அபிப்பிராயம். நாம் அதை ஏற்பதற்கில்லை. 20 நர்ஸுகள் உள்ள வார்டு ஒன்றில் பகல், மாலை, இரவு, ஓய்வு என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு வழிகள் உண்டு. ஒரே வாரத்திற்கு எழுதக்கூடிய பட்டியல்களின் தொகை 85 இலக்கங்களுள்ள எண்ணாகிவிடுகிறது!

கம்ப்யூட்டர் துணைகொண்டு இக்கணக்கைத் தீர்த்ததாகச் சொல்லும் நிபுணர் பலர். ஆயினும் ஒருவர் தீர்த்த கணக்கும் மற்றவர் தீர்த்த கணக்கும் ஒன்றுதானா என்பது எளிதில் விளங்குவதில்லை. இக்குழப்பத்தை நீக்கவே பெல்ஜியம் தேசத்து ஆராய்ச்சியாளர்களான பாட்ரிக் டி காஸ்மாக்கர், கிரீட் வான்டன் பெர்க் இருவரும் 2011-ல் ஒரு பாகுபாட்டை வெளியிட்டனர். தொழிற்சாலை வேலை ஒழுங்குக் கணக்குகளுக்கு 1979-ல் வகுக்கப்பட்ட ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்று கூறுகளையே இவர்களும் கைக்கொண்டனர். முதலாவது ஊழியரின் நிலைமை. இரண்டாவது வேலையின் தன்மை. அவற்றைப் பற்றி விவகாரம் அதிகமில்லை.

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டியல் எதை நாடுகிறது என்பதை அது சொல்ல வேண்டும். ஆள் தொகையைக் குறைப்பதா, நோயாளிக்கு ஆள் குறையாமற் பார்ப்பதா, நர்ஸின் ஓய்வைக் காப்பதா? இதைத் தீர்மானிப்பது கணிதமன்று, நிர்வாகம். தீர்மானித்துவிட்டுப் பழியை இயந்திரத்தின் மேல் போடுவது நியாயமாகாது.

விதிகளிலும் இரு வகை உண்டு. மீறவே கூடாதவை ஒரு வகை. மீறினால் அபராதப் புள்ளி மாத்திரம் விழுபவை மற்றொரு வகை. ஐரோப்பிய யூனியனின் 2003-ம் வருஷத்து வேலைநேரச் சட்டம் 24 மணி நேரத்தில் தொடர்ந்து 11 மணி ஓய்வு தரவேண்டுமென்கிறது. இரவு 10 மணிக்கு வீடு திரும்பியவர் காலை 7 மணிக்கு மறுபடி வந்தால் கிடைப்பது 9 மணியே. வைத்தியசாலைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஈடான ஓய்வு பிறகு கொடுத்தாக வேண்டும். இந்த ஓய்வை இரண்டாம் வகையில் தள்ளி, புள்ளியோடு புள்ளியாகக் கழித்துவிடுவது பட்டியல் போடுவோருக்கு மிகவும் சௌகரியம். வெளியே யாருக்கும் தெரிவதுமில்லை.

ஆகவே பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டினால் போதாது. எந்த விதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் நிர்வாகிகள் பக்கத்திலேயே ஒட்டவேண்டும். அடுத்த பட்டியல் வருமுன் தொழிற்சங்கத்தார் இதைக் கேட்டு வாங்குவார்களாக.