மாத்திரையை நிறுத்தலாமா?

எதிர் வீட்டு மாமி நேற்று மாலை வந்தாள். மாமாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் கண்டு, இப்போதுதான் ஒருவாறு தேறி நடமாடுகிறார்.

"ரத்தப் பரிசோதனையிலே கொழுப்பு சரியாயிடுத்துன்னு வந்துடுத்து. இன்னும் அந்த மாத்திரை எதுக்குன்னு நானே நிறுத்திட்டேன். பத்து நாளாச்சு. பக்கவாதத்துக்கப்புறம் சில பேருக்கு வலிப்பு வேறே வருமாமே? பயமா இருக்கு" என்றாள்.

"டாக்டரைக் கேட்காமலா நிறுத்தினீர்கள், மாமி?" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம். அந்த மாத்திரைக்கு ஸ்டாட்டின் என்று பெயர். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூசணங்களைச் சோதித்தார். கடைசியில், கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் கிடைத்த பூசணத்திலிருந்து 1973-ல் இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். அதற்காக நாம் பூசணம் பிடித்த அரிசியை உலையில் போட்டுவிடக் கூடாது!

ஈரல் கொழுப்பை உண்டாக்குவதை இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது. மாத்திரை சாப்பிடுவதால்தான் கொழுப்பு சரியாக இருக்கிறது. தலை நனையவில்லையே என்று கொட்டும் மழையில் யாராவது குடையை மடக்குவார்களா? 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 4,731 பேரை ஏறக்குறைய ஐந்து வருஷம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கும், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் சுமார் 11 பேருக்கும் மறுபடி பக்கவாதம் வந்தது. ரத்தக் கசிவால் பக்கவாதம் வந்தவர்களின் விஷயம் வேறு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, வலிப்பு? பக்கவாதத்தால் பழுதான மூளைப் பகுதி ஆறித் தழும்பாகிறது. அதைச் சுற்றியுள்ள நரம்புகள் சில சமயம் கட்டு மீறித் துடிப்பதே வலிப்பு. முதல் வாரத்துக்குள் வருவது ஒரு விதம். மாதங்கள் கழித்து வருவது திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களிடம் வலிப்பு சற்றுக் குறைவாகக் காணப்படுவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. நல்ல சேதிதான், ஆனால் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆகவே வலிப்பு மருந்துக்குப் பதிலாக இதை நம்பிவிடாதீர்கள். பினிடாயின், கார்பமசிபைன் போன்ற வலிப்பு மருந்துகள் சில ஸ்டாட்டின்களின் வேகத்தைக் குறைத்துவிடும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டுவது உத்தமம்.

வலிப்பு வந்துவிட்டால் இரும்புச் சாவியைத் தேடி ஓட வேண்டாம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்க்கோணமோ தளர்ந்த கையோ மட்டும் துடித்தாலும் அலட்சியம் வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமி அன்றைக்கே டாக்டரிடம் போய் வந்தாள். மாத்திரை டப்பா இப்போது மறுபடி சாப்பாட்டு மேஜை மேல், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மறதிக்கு இடமில்லையாம்!