நடந்த கணக்கும் வடைக் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நடைப்பயிற்சித் திடலுக்கு எதிரே டீக்கடை இல்லாத ஊர் நம் பக்கத்தில் அரிது. காலை ஏழு மணிக்கு அங்கே பார்த்தால், நடந்து முடித்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முந்நூறு கலோரி எரிச்சாச்சு, ரெண்டு வடை சாப்பிட்டாத் தப்பில்ல" என்று சொல்வது தினசரிக் காட்சி. என்னிடமும் கேட்கிறார்கள்: "டீச்சர், எடை குறையணும்னு சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன். நடந்து எரிச்சதை மட்டும் திரும்பச் சாப்பிட்டுக்கலாமா?"

நான் டாக்டர் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பல வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். இந்தக் கேள்வியில் பாதி மருத்துவம், மீதிப் பாதி வெறும் கூட்டல் கழித்தல்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைக்க நினைத்து தினம் ஒரு மணி நேரம் நடக்கிற நம்மைப் போன்றவர்கள் திரும்பச் சாப்பிட வேண்டாம். ஆனால் கட்டாயம் சாப்பிட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வதுதான் ஆபத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 245 கலோரி செலவாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் சுமார் 70 கலோரி செலவாகியிருக்கும். மூச்சு விடவும், இதயம் துடிக்கவும், உடல் சூட்டைக் காக்கவும் ஆகிற செலவு அது. அதைக் கழித்தால், நடந்ததால் கூடுதலாகப் போனது 175 மட்டுமே.

இப்போது எதிர்ப்பக்கம். நடுத்தர அளவு மெதுவடை ஒன்று சுமார் 100 முதல் 150 கலோரி. இரண்டு வடையும் சர்க்கரை போட்ட ஒரு பால் டீயும் சேர்ந்தால் சுலபமாக 300-ஐத் தொட்டுவிடும். 300-இல் 175 போனால் மீதி 125. முப்பது நாளைக்கு 3,750. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பார்கள். அதாவது அரைக் கிலோ. நடக்காமலும் வடை சாப்பிடாமலும் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த மாதம் அரைக் கிலோ கூடுதலாகக் குறைந்திருக்கும்!

"வாட்ச் காட்டுகிறதே" என்பீர்கள். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரின் கையில் 7 வகைக் கருவிகளைக் கட்டிப் பரிசோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் நன்றாகவே அளந்தன. கலோரியில்தான் கோட்டை விட்டன. இருப்பதிலேயே சிறந்த கருவியிலும் சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமானதில் 93 சதவீதம். இப்படி ஒரு தராசை வைத்துக் காய்கறிக் கடைக்காரர் எடை போட்டால் நாம் சும்மா விடுவோமா?

இன்னொரு தவறு, ஒன்றையே இரண்டு முறை கூட்டுவது. போனில் உள்ள உணவுக் கணக்குச் செயலி ஆரம்பத்திலேயே "உங்கள் உழைப்பு எப்படி?" என்று கேட்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு 2,110 கலோரி. மிதமான உழைப்பு உள்ளவருக்கு 2,710. நம்மில் பலர் நடப்பதை நினைத்துக்கொண்டு "மிதமான" என்று அழுத்திவிடுகிறோம். பிறகு தினமும் நடந்ததையும் தனியாகச் சேர்க்கிறோம். பயணப்படிப் பட்டியலில் ஒரே பஸ் டிக்கெட்டை இரண்டு முறை காட்டுவதைப் போன்றது இது.

"சாப்பிடாவிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடை குறைவதே நின்றுவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறவர் ஒரு மணி நேரம் நடந்ததால் பட்டினி நிலைக்குப் போய்விட மாட்டார். ஆனால் நாள் முழுக்க 1,000 கலோரிக்குள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஜிம்மில் வியர்வை சிந்துகிறவர் கதை வேறு. அங்கே பிரச்சினை திரும்பச் சாப்பிடுவதா என்பதல்ல. அடிப்படைச் சாப்பாடே போதவில்லை.

இனி, சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள்.

1. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள். நடக்கும்போது இவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். "எடை குறையணும்" என்று இவர்கள் வெறும் வயிற்றில் நடப்பது விபரீதம். மருந்தைத் தாங்களாகக் குறைக்கவும் கூடாது. நடக்கப்போவதை டாக்டரிடம் சொல்லி அளவைக் கேளுங்கள்.

2. போட்டிக்கும் காவலர் தேர்வுக்கும் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். சாப்பாடு போதாமல் பயிற்சி எடுத்தால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலம் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-இல் இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசியது. மகள் மெலிந்துவிட்டாள் என்று பெருமைப்படும் அம்மாக்கள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள்.

3. உடலுழைப்பில் பிழைப்பவர்கள். அதே பரிந்துரையில் கடின உழைப்பாளி ஆணுக்கு 3,470, பெண்ணுக்கு 2,720 கலோரி. வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவரிடம் "சோற்றைக் குறை" என்று நாம் சொல்லக் கூடாது.

4. அறுபது தாண்டிய என் வயதுக்காரர்கள். நமக்கு எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. வடை வேண்டாம். ஆனால் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் இவற்றைக் குறைக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியாவது செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. வாட்ச்சில் கலோரி எண்ணைப் பார்க்காதீர்கள். வாரம் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து நோட்டே பதில் சொல்லும். வாரம் கால் முதல் அரைக் கிலோ குறைந்தால் சரியாகப் போகிறது, எதையும் மாற்ற வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, களைப்பும் முடி உதிர்வும் இருந்தாலோ சாப்பாட்டைக் கூட்டுங்கள். அசையவே இல்லையென்றால் டீக்கடையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வாருங்கள். என்றாவது மலையேறினீர்கள், இரண்டு மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்தீர்கள் என்றால், பசிக்கிற அளவுக்குத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நடை என்பது கூலி வேலை அல்ல, முடிந்ததும் வடையாகச் சம்பளம் வாங்கிக்கொள்ள. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனசு என்று நடையின் சம்பளம் வேறு கணக்கில் தானாக ஏறிக்கொண்டே இருக்கிறது. வடை பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று ருசித்துச் சாப்பிடுங்கள். அதற்கும் நடைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறவர் இருந்தால், நாளைக் காலை அவர் சட்டைப் பையில் ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலம் வைத்து அனுப்புங்கள்.