ஆல்ப்ஸ் இருக்கட்டும், அழகியபாண்டியபுரம் வாங்க!

மக்களே, ஜூலை மாதம் வந்தால் போதும், நம் செட்டில் நாலு பேருக்கு டூர் டி பிரான்ஸ் காய்ச்சல் வந்துவிடும். டிவியில் ஹெலிகாப்டரிலிருந்து காட்டுவார்கள். பச்சை மலை, வளைந்து வளைந்து ஏறும் ரோடு, நடுவில் ஒரு குட்டி கிராமம், அதில் ஒரு கோயில் கோபுரம் (அவங்க ஊர் சர்ச்தான்!). உடனே ஒரு பெருமூச்சு. "வாழ்க்கையில ஒரு தடவையாவது அங்க போய் சைக்கிள் ஓட்டணும்டே!"

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் தடிக்காரன்கோணம் வரைக்குமாவது சைக்கிளில் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம்... சரி சரி, இறக்குங்க. :-)

முதலில் பிரான்ஸ் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அந்த மலைகள் சைக்கிள்காரர்களுக்காகப் படைக்கப்பட்டவை ஒன்றும் இல்லை. ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்ட 1903-ல் ஆரம்பித்த போட்டிதான் டூர் டி பிரான்ஸ். பக்கா மார்க்கெட்டிங்! 1910-ல்தான் பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களுக்குப் போட்டியைக் கொண்டுபோனார்கள். 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாய் அப்போது வெறும் மண் பாதை. வீரர்கள் பல இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனார்கள். அந்த வருடம் பட்டம் வென்ற ஒக்டாவ் லபீஸ், போட்டி நடத்தியவர்களைப் பார்த்துக் "கொலைகாரர்கள்" என்று கத்தியதாகச் சொல்வார்கள். இன்னொன்று தெரியுமா? அந்தப் போட்டியில் இன்று நாம் பார்க்கும் கியர் மாற்றும் கருவியை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. அதாவது ஆரம்ப கால வீரர்கள் மலை ஏறியது, நம் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் தந்த சைக்கிளின் பெரியப்பா மகன் மாதிரியான வண்டியில்தான்!

அந்த கியருக்காகக் காலமெல்லாம் வாதாடியவர் யார் என்றால், பட்டு வியாபாரம் பார்த்த ஒருவர். பெயர் போல் தெ விவி, ஊர் செயின்ட் எத்தியேன். போட்டி போடாமல், ஊரைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக நெடுந்தூரம் போகிற பழக்கத்தை பிரான்சில் பரப்பியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

1936-ல் அங்கே தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. கார் வாங்க வசதி இல்லாத சனங்கள் சைக்கிளிலேயே கிளம்பினார்கள். ஆக, பிரான்சின் சைக்கிள் வழிகளை உண்டாக்கியதில் இயற்கைக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி மனிதர்களின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை சைக்கிளில் வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீநகரில் ஆரம்பிக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை காவல்கிணறு தாண்டி நேராகக் குமரிமுனைக்கு வந்து முடிந்துவிடுகிறது. அவர்களும் வந்து, முக்கடல் முன்னால் போட்டோ எடுத்து, சைக்கிளைப் பார்சல் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்த மனிதன், நம் மாவட்டத்தின் நல்ல ரோடுகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகிறான். விருந்துக்கு வந்தவன் அவியலைத் தொடாமல் எழுந்து போன மாதிரி இருக்கிறது எனக்கு.

அவன் பார்க்காமல் விட்டது என்ன?

ஒன்று: வடசேரி, புத்தேரி, இறச்சகுளம், பூதப்பாண்டி (தோழர் ஜீவா பிறந்த ஊர்), திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை. மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள். பாதித் தூரம் வயலும் குளமும் தென்னையும், ரோடு சமதளம். அப்புறம் மலை மெதுவாகக் கிட்டே வரும். தடிக்காரன்கோணம் தாண்டினால் ரப்பர் தோட்டம். வெயில் தலையில் விழாது. இதே ரோடு பிரான்சில் இருந்திருந்தால் ஒரு புத்தகமே போட்டிருப்பார்கள்.

இரண்டு: தக்கலை, பத்மநாபபுரம், திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை. இங்கே சமதளம் என்ற பேச்சே கிடையாது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். எந்த ஏற்றமும் பெரிதில்லை, ஆனால் எதுவும் முடிவதில்லை! வழியில் 1966-ல் கட்டிய, 115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலம். கடைசியில் 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதற்கு மேல் காடு, வனத்துறை அனுமதி வேண்டும். யானைக்கு ரைட் ஆஃப் வே!

மூன்று: தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல். பிரான்சில் மோன் வென்டூ என்று ஒரு மொட்டை மலை காற்றுக்குப் பேர் போனது. நமக்கு ஆரல்வாய்மொழி கணவாய். ஆடி மாதம் நாகர்கோவிலிலிருந்து கிழக்கே போனால் மிதிக்கவே வேண்டாம், காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது வட்டியும் முதலுமாக வசூல் பண்ணும்.

நம்மிடம் 2,000 மீட்டர் உயரத்தில் தார் ரோடு கிடையாது, உண்மைதான். ஆனால் ஒரே காலையில் வயல், ரப்பர் காடு, அணை எல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கடலில் கால் நனைக்கிற மாவட்டம் எத்தனை இருக்கிறது?

அப்படியென்றால் குறை எங்கே? என் கருத்தில், குறை மலையில் இல்லை, ரோட்டில் யாருக்கு மதிப்பு என்பதில்தான் இருக்கிறது.

2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். ரோடோ குறுகல். அதிலேயே பாறையும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. பின்னாலிருந்து அந்த ஏர் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் ஓடையில் இறங்குவதைத் தவிர வழியில்லை. உயிர்கள் போயிருக்கின்றன. லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று மக்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள்.

"டேய், பொழுதுபோகாமல் சைக்கிள் ஓட்டுகிறவனுக்காக லாரியை நிறுத்தணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரோட்டில் முதலில் சைக்கிளில் போனது சைக்கிள் கிளப்காரன் இல்லை. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிற அண்ணாச்சி. அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி. 2005 முதல் எல்லாப் பிரிவு பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் அந்தத் திட்டம் இருக்கிறது. அரசாங்கம் சைக்கிளைக் கொடுத்தது, அதை ஓட்டப் பயப்படாத ரோட்டைக் கொடுக்கவில்லை. ஆகவே பிளஸ் டூ முடிந்ததும் சைக்கிள் விறகுப்புரைக்குப் போகிறது, பையன் பைக்குக்கு அடம்பிடிக்கிறான். சுற்றுலாக்காரனுக்குப் பயமில்லாத ரோடு, தங்கச்சிக்கும் பயமில்லாத ரோடுதான். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

இனி பி.காம். மூளையைக் கொஞ்சம் உபயோகிப்போம். குமரிமுனையில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாயில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பரில் திறந்தார்கள். நல்ல பாலம், நானும் குறை சொல்லவில்லை. ஆனால் மலை ரோடுகள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. முதலீடு முடிந்துபோன விஷயம். மேற்கொண்டு செய்யவேண்டியது அற்பச் செலவு.

வேனில் வருகிற கூட்டம் சோற்றுப் பானையோடு வந்து, தின்றுவிட்டு, பிளாஸ்டிக் தட்டை ஆற்றில் போட்டுவிட்டுப் போகிறது. சைக்கிள்காரனுக்கு டிக்கி கிடையாது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அவனுக்குப் பசிக்கும். மட்டிப்பழம், ரசவடை, சாயா, சீசனில் அக்கானி என்று வழிநெடுகச் சின்னக் கடைகளில்தான் காசு விழும். களைத்துப்போனால் ராத்திரி அங்கேயே தங்கியும் ஆகணும். தலைக்கு என்ன செலவழிக்கிறான் என்பதோடு, அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

நான் கேட்பது மூன்றே விஷயம்.

முதலாவது, கல். பிரான்சில் பல கணவாய் ரோடுகளில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நட்டு, இப்போது என்ன உயரம், அடுத்த கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்று எழுதியிருப்பார்கள். ஆல்ப் டுவெஸ் மலையில் 21 வளைவுக்கும் நம்பர் போட்டு, அங்கே ஜெயித்தவர்கள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பலகையால் ஒரு வளைவு சரித்திரம் ஆகிவிடுகிறது!

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரையாவது இந்த மலை ரோடுகளில் கனரக லாரி வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீரும் ஒதுங்க இடமும். இதைப் பிரான்சிலிருந்து கற்றுக்கொள்ளவே வேண்டாம். திருவிதாங்கூர் காலத்தில் நடந்து போகிறவனுக்காக நம் ஊரில் வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும் வைத்திருந்தார்கள். சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. காரும் பஸ்ஸும் வந்த பிறகு, உடம்பால் உழைத்துப் பயணம் போகிறவனை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ் என்ற 1,200 கிலோமீட்டர் பயணத்துக்கு இப்போதெல்லாம் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கில் போகிறார்கள். போகட்டும், நாளை நம்மில் ஒருவன் போனால் நானே மாலை போடுகிறேன், தோவாளையில் வாங்கி. ஆனால் அதற்கு முன், மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வடசேரியிலிருந்து கிளம்பி, கீரிப்பாறை போய்விட்டு வாருங்கள். கியர் இல்லாத சைக்கிளே போதும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாலும் வெட்கமில்லை, டூர்மலேயில் லபீஸ் காலத்து ஆட்களே தள்ளியிருக்கிறார்கள்.